நான்காம் தட்டு

ஜெல் ஊற்றுவது என் வேலை.
இருபத்திரண்டு வருடம், தார்த்துவில், இதே அடித்தளத்தில்.
இறுக்கும் மருந்து ஒரு துளி கூடினால் குருத்தெலும்பு,
ஒரு துளி குறைந்தால் மூக்குச்சளி.
சிரிக்காதீர்கள், லீவிகாவே அப்படித்தான் சொல்வாள்,
முனைவர் பட்டம் வாங்கியவள்.

செவ்வாய்க்கிழமை பொல்வா பண்ணையிலிருந்து முட்டை வரும்.
ஏழு நாள் கரு.
மிளகைவிடச் சின்ன இதயத்தை அவள் எடுத்து
நொதியில் ஊறவைத்துத்
தனித்தனி செல்லாகப் பிரித்து
என் நான்கு தட்டுகளில் தூவுவாள்.
தனியே விட்டாலும் துடிக்கும்,
யாரும் சொல்லாமல்.

முதல் இரண்டும் மிருது.
அங்கே துடிப்பு, தண்ணீரைக் குத்துகிறவன் கை:
வேகம் உண்டு, வேலை இல்லை.
மூன்றாவது, பத்து கிலோபாஸ்கல்.
இழுத்தால் தரை கொஞ்சம் வரும்,
விட்டால் திரும்பிப் போகும்.
செல்லுக்குள் நார்கள்
வாரிய தலைமயிர்போல் வரிசையாய் விழும்.

நான்காவது, தழும்பு.
மாரடைப்பு வந்த இடத்தை மூடுகிற சதையின் இறுக்கம்.
அதைக் கலக்கும்போது முன்பெல்லாம் வானொலி கேட்பேன்.

நவம்பரில் எனக்கு வந்தது.
பேருந்து நிறுத்தத்தில், கையில் உருளைக்கிழங்குப் பையோடு.
இடது சுவரில் இரண்டு யூரோ நாணயம் அகலம்,
ஸ்கேனில் விரல் வைத்துக் காட்டினார் மருத்துவர்.
எத்தனை கிலோபாஸ்கல் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

நான் திரும்பி வந்த வாரம்
லீவிகா நான்காம் தட்டைத் தானே ஊற்றிக்கொண்டிருந்தாள்.
முழுக்கக் குமிழி.
நகரு, என்றேன்.
நகர்ந்தாள்.

முதல் நாள் நான்காம் தட்டிலும் எல்லாம் துடித்தன,
மூன்றாவதைவிட மும்முரமாய்.
இழுத்துப் பார்க்கின்றன, தரை வரவில்லை,
இன்னும் இழுக்கின்றன.
பாறையைத் தள்ளுகிறவன் கால் பரப்புவதுபோல்
ஓரங்கள் அகன்று, தட்டையாகி,
உள்ளே கயிறுகள் தடித்து,
ஐந்தாம் நாள்
ஒவ்வொன்றாய் நின்றன.
சாகவில்லை.
பிடித்தபடியே நின்றன.

நோட்டில் இரண்டே கட்டம்: துடிக்கிறது, இல்லை.
விளிம்பில் ஒன்று மட்டும்
பதினோரு வினாடிக்கு ஒருமுறை நடுங்கியது.
கட்டங்களுக்கு நடுவே, கோட்டின் மேலேயே
ஒரு புள்ளி வைத்தேன்.
லீவிகா பார்த்தாள். அழிக்கவில்லை.

பிறகு மூன்றாம் தட்டைக் காட்டக் கூப்பிட்டாள்.
இரண்டு செல்கள், நடுவே அரை முடி இடைவெளி.
தொடவில்லை.
ஒன்று இழுக்க ஜெல் அசைகிறது,
அசைவு மற்றதன் காலடிக்குப் போகிறது,
அதுவும் இழுக்கிறது. ஒரே தாளம்.
நான்காவதில் இது நடக்காது என்றாள்,
சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
நல்ல ஜெல், என்றேன்.
என் ஜெல்தான்.

ஆற்றோரமாய் வீட்டுக்கு நடந்தேன்.
எமயோகி உறைந்து கிடந்தது,
பனியில் துளையிட்டு ஒருவன்
தூண்டிலோடு வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து
அறுபத்தெட்டு வரை எண்ணினேன்.
நடுவே ஒன்று தவறியது,
அல்லது நான் தவறவிட்டேன்.

ஞாயிறன்றும் ஊடகம் மாற்ற வேண்டும்.
சாவி என்னிடம்தான் இருக்கிறது.