ஓட்டலாம்

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து
என் கடிதம் எனக்கே திரும்பி வந்திருக்கிறது.
மூன்றாம் வரிக்குக் கீழே பச்சை மையில் ஒரு கோடு,
கோட்டின் நுனியில் கேள்விக்குறி.
'ஹி வில் கேன் டிரைவ்' என்று எழுதியிருந்தேன்.
எழுதும்போது சரியாகத்தான் இருந்தது.
வில் என்றால் நாளைக்கு,
கேன் என்றால் முடியும்.
நாளைக்கு முடியும். இதில் என்ன பிழை?

புளியரைக்கு மேலே எஸ் வளைவில்
இரண்டு வைக்கோல் லாரிகள் முகத்தோடு முகம் மாட்டிக்கொண்டால்
ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும்.
வில்லும் கேனும் அப்படித்தானாம்.
கேன் இறங்கிக்கொள்ள,
பி ஏபிள் டு ஏறிக்கொள்ளும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்குப்
பாதி மதியமும், ஆறிப்போன ஒரு டீயும் செலவு.

இலக்கணம் அத்தோடு தீர்ந்தது.
மைதீன் பிச்சையின் முழங்கால் தீரவில்லை.

இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்.
புனலூருக்கு வெண்டைக்காய் ஏற்றிப்போன ஆனி மாதம்,
ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில்,
சாரலில் டயர் வழுக்கிப் பாறையில் போய் நின்றது வண்டி.
பதினேழு வாரமாக என் மேசைக்கு வருகிறார்.
நான் மடக்குகிறேன், அவர் பல்லைக் கடிக்கிறார்,
கோணமானியில் எண்ணைப் படிக்கிறேன்.
அறுபத்தெட்டு.
போன வாரமும் அறுபத்தெட்டு.

வில் பி ஏபிள் டு என்று எழுதினால்
கால் தேறிவிடும் என்று ஆகும், தொகை பாதியாகும்.
வில் நாட் என்று எழுதினால்
தொகை வரும், லைசென்ஸ் போகும்.
மே என்று எழுதினால் கதவு திறந்திருக்கிறது.
மைட் அதே கதவைக் கொஞ்சம் ஒருக்களிக்கிறது.
அந்த விரற்கடை இடைவெளிக்கு எத்தனை ரூபாய் என்று
அகராதியில் போடவில்லை.

கொட்டாரக்கரையிலிருந்து லாரி முதலாளி தங்கச்சன் ஃபோன் செய்கிறார்:
"டாக்டரே, பிச்சைக்கு இனி ஓடிக்கான் பற்றுமோ?"
வேறு ஆளை வைத்துவிடட்டுமா என்பதும்
அதற்குள்ளேயே இருக்கிறது.

பாத்துமுத்து கேட்டதுதான் கஷ்டம்.
பெஞ்சில் உட்கார்ந்து, சில்வர் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு,
"இனிமே அவுக வண்டி ஓட்டலாமா?" என்றாள்.
அனுமதி கேட்கிறாளா,
முடியுமா என்கிறாளா,
நடக்கக்கூடிய காரியமா என்கிறாளா?
தமிழில் ஒரே ஒரு லாம் இத்தனையும் சுமக்கிறது,
ஓவர்லோடு என்று எந்தச் செக்போஸ்ட்டும் பிடிப்பதில்லை.
"ஓட்டலாம்" என்றேன்.
அவள் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.

ஆங்கிலம் அப்படி விடாது.
எந்த லாம், எந்த லாம் என்று சட்டையைப் பிடிக்கிறது.
திட்டினேன்.
அப்புறம் நியாயம்தானே என்றும் பட்டது.
பதினேழு வாரம் மடக்கியும்
எனக்குத் தெரியாத ஒன்றைத்
தெரிந்த மாதிரி சொல்ல
அந்த லாம் எனக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தது.

கடைசியில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:
சமதளச் சாலையில், சிறிய வண்டியை,
ஆறு மாதத்துக்குப் பின் அவரால் ஓட்ட இயலக்கூடும்.
மலைப்பாதையில் பாரவண்டியை ஓட்ட இயலும் என்பதற்கு
இன்றைய அளவில் ஆதாரம் இல்லை.
'இன்றைய அளவில்' என்பதை இரண்டு தடவை அடித்து
இரண்டு தடவை திரும்ப எழுதினேன்.

கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, ஈரம் காயவில்லை,
செங்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி
ஊன்றுகோலை வாசலிலேயே சாத்திவிட்டு வந்தார் பிச்சை.
படுத்தார். மடக்கினேன்.
எழுபத்தொன்று.
கோணமானியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
எழுபத்தொன்று.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
நான் உறையைப் பார்த்தேன்.

தபால் நாலு மணிக்கு எடுப்பார்கள்.
ஐப்பசி மழை இறங்கினால்
எடுக்காமலும் போகலாம்.