மூச்சைப் பிடி

எனக்கு இந்தப் படம் வேண்டாம் என்று
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியிலேயே சொல்லிவிட்டேன்.
ததேயு கேட்கவில்லை. மழைக்கோட்டோடு பைக்கை உறுமவிட்டு
"கேறு மக்கா, டிக்கெட் என் காசு" என்றான்.

பகல் முழுக்க அரையிருட்டில் நிற்பவன் நான்,
தக்கலையில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
சாயந்திரமும் இன்னொரு இருட்டில் போய்
வெளிச்சத்தால் ஆன ஆட்களைப் பார்க்கவேண்டுமா?

படம் தமிழ் பேசியது. வாய்கள் வேறெதையோ பேசின.
நாங்கள் சீட்டைத் தேடி உட்காருவதற்குள்
பூமி செத்துப்போயிருந்தது.
ஒரு கப்பல். அதில் சோடி சோடியாய் உறைந்த கருக்கள்.
"நோவா" என்று விலாவில் இடித்தான் ததேயு.
தகப்பன் பெயர் இல்லாத பையன்,
ராக்கெட் தளத்தோரக் கொட்டகையில் பிறந்தவன்.
இடித்தான்.
நீளமேசையில் அவனும் பன்னிரண்டு பேரும், தட்டில் ஏதோ நீலக் களி,
ஒருத்தன் மட்டும் சாப்பிடாமல் கதவையே பார்க்கிறான்.
இடித்தான்.
முட்டத்தில் பத்து வருடம் பாஸ்கா நாடகத்தில்
ஈட்டி பிடித்து நின்ற ரோமப் படைவீரன் அவன்.
சவுக்கு எப்போது வரும், சேவல் எங்கே கூவும்,
எல்லாம் அத்துப்படி.

எனக்கு எரிச்சல்.
வியாழனையும் தாண்டிப் போய்
அங்கேயும் இதே கதையா?
வளைகுடாவுக்குப் போகிறவன் மாங்காய் அச்சாறு குப்பியை
வேட்டிக்குள் சுற்றி வைப்பதுபோல
சாமியைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.
போய்ச் சேருமுன் எல்லாத் துணியிலும் கசிந்துவிடுகிறது.

இடைவேளையில் பழம்பொரி.
"ஒனக்கு இதுல ஒண்ணுமே தோணலியா ஓய்?"
"தோணுது. இது நேத்தைய எண்ணெய்."

பிறகு அவன் கப்பலுக்கு வெளியே வந்தான்.
கயிறு அறுந்தது.
கைகளை விரித்தான், முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சூரியன்.
முன்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.
ததேயு இடிக்க மறந்துபோனான்.
எனக்குக் கேட்டதோ என் குரல்,
நாளைக்கு அறுபது தடவை நான் சொல்லுவது:
நெஞ்சை ஒட்டி நில். அசையாதே. மூச்சைப் பிடி.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

நேற்று ஒரு கொத்தனார், கருங்கல்காரர்.
மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு போனை எடுத்தேன்.
விடச் சொல்ல மறந்துவிட்டேன்.
திரும்பிப் பார்த்தால் கண் பிதுங்க நிற்கிறார்.
"சொன்னாத்தானே விடணும் சாரே."

திரையில் அவன் செத்தான். எழுவான் என்பது
ததேயுவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
பக்கத்து சீட்டில் தூங்கும் கைக்குழந்தைக்கும் தெரியும்.
ஆனால் அதற்கு முன்னால் ஓர் இடம்.
யோசித்து எடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.
கப்பலில் மிஞ்சிய சமையல்காரி
வட்டச் சன்னலில் படிந்த ஆவியைத் துடைக்கிறாள்.
வெளியே ஒன்றுமில்லை, கறுப்பு.
கண்ணாடியில் அவள் முகம். பக்கத்தில் சின்ன விளக்கு.
மூன்று நொடி இருக்கும்.

என் கை தலைக்குப் போய்விட்டது,
தலைப்பாகையைத் தேடி.

எங்கள் தாங்கலில் வெறுந்தலையோடு நிற்கக்கூடாது.
உள்ளே சிலை கிடையாது. கண்ணாடி, விளக்கு,
எதிரே நீ.
பத்தாம் வகுப்பில் அதில் மீசை முளைத்ததா என்று பார்த்தவன் நான்.
போய் நாலு வருடம் ஆகிறது.
போட்டிருந்த சட்டைகூட அப்போது கூச்சமாக இருந்தது.

ததேயு பார்த்துவிட்டான்.
"என்ன மக்கா, பேனா?"
ஏசி காற்று என்றேன்.

வெளியே மழை விட்டிருந்தது.
"மொத்தம் பதினாலு எடம் எண்ணினேன், கேட்டியா."
நான் எண்ணவில்லை என்றேன்.
பின்னால் களியக்காவிளை பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.
நனைந்த பைக் கண்ணாடியை
அவன் கட்டைவிரலால் துடைத்தான்.
அதில் கொஞ்சநேரம் நான் இருந்தேன்,
பஸ்ஸைப் பார்க்க
அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் வரை.