தொப்பி பறந்த பிறகு

புன்டா அரேனாசில் காற்றுக்கு
முன்பதிவு தேவையில்லை.
படம் எடுக்க நான் குறித்துக் கொடுக்கும் எல்லா நேரத்திலும்
அதுவும் வந்து நிற்கும்,
கூலி கேட்காத உதவியாளனாக,
சீவிய தலைகளைக் கலைத்துக்கொண்டு.

பர்ரியா குடும்பம் காலை பத்துக்கு வந்தது.
ஐந்து பேர். ஐந்து வெள்ளைச் சட்டை.
இஸ்திரி மடிப்பு இன்னும் முறியவில்லை.
"மாடிப்படிச் சுவரில் ஒரே ஓர் இடம் காலி" என்றாள் எலியானா,
இரு கையையும் விரித்து அகலம் காட்டினாள்.
அத்தனை அகலத்துக்கும்
எல்லோரும் அசையாமல் நிற்கவேண்டும்.

நோல்பெர்த்தோ நண்டுப் படகுக்காரன்,
எழுபது நாள் கடலில் இருந்துவிட்டு
முந்தாநாள்தான் கரையேறியவன்.
நிலம் இன்னும் ஆடுகிறது போலும் அவனுக்கு,
கால்களை அகட்டியே நின்றான்.
மூத்தவள் அமாந்தாவுக்குப் பல்லில் கம்பி;
உதட்டைப் பூட்டிக்கொண்டாள்.
நடுவன் ததேயோவின் சட்டைப்பையில்
ஏதோ அசைந்தது. நான் கேட்கவில்லை.
கடைக்குட்டி ரஃபேலாவை
அப்பாவின் இடுப்பில் வைத்தால்
முழு உடம்பாலும் அம்மா பக்கம் சாய்ந்தாள்.
அழவில்லை. அதுதான் சங்கடம்.
வழி கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல்
அவன் தாடியை ஒருமுறை பார்த்துவிட்டு
மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இங்கே படமெடுக்கையில்
"விஸ்கி" என்று சொல்லச் சொல்வார்கள்,
பால்குடி மறக்காத பிள்ளைகளைக்கூட.
நான் சொல்லச் சொல்வதில்லை.
சொல் முடிந்த பிறகும் சிரிப்பு அங்கேயே தொங்கும்,
கொடியில் எடுக்க மறந்த துணி மாதிரி.

பழைய துறைமுகத்தின் மிச்சத் தூண்களில்
நீர்க்காகங்கள் வரிசையாக நின்றன.
"பாருங்கள், அப்படி!" என்றாள் எலியானா.
இருபத்துமூன்று முறை அமுக்கினேன்.
இருபத்துமூன்றிலும்
ஐந்து சட்டைகள் தெளிவாக விழுந்திருந்தன.

அப்புறம் காற்று தன் வேலையைச் செய்தது.

படத்துக்காகக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்த
நோல்பெர்த்தோவின் கம்பளித் தொப்பியை
உருவிக்கொண்டு ஓடியது.
அவனும் ஓடினான்,
கூழாங்கல்லில் ஒரு கால், அலையில் ஒரு கால்,
நாயைக் கூப்பிடுவதுபோல் தொப்பியைக் கூப்பிட்டுக்கொண்டு.
ததேயோ பின்னால்.
அமாந்தா அத்தனை கம்பியும் தெரியச் சிரித்தாள்.
குட்டியை இறக்கிவிட்டு
"சட்டை! சட்டை!" என்று கத்தியபடி
எலியானா என் சட்டகத்தைவிட்டே போய்க்கொண்டிருந்தாள்.

தொப்பி போய் நின்ற இடம்
ரஃபேலாவின் காலடி.

குனிந்தாள். எடுத்தாள்.
முகர்ந்து பார்த்தாள்.
டீசல், உப்பு, நண்டு, இன்னும் என்னவோ.
மூச்சிரைக்க வந்தவன் ஈரக் கல்லில் மண்டியிட்டான்,
கை நீட்டத் துணியவில்லை.
அவள் கையில் கொடுக்கவுமில்லை.
அவளே மாட்டிவிட்டாள்,
இரண்டு கண்ணும் மறையும்படி,
இறுக்கி, மூக்குவரை.

நான் வயிறு தரையில் பதியப் படுத்திருந்தேன்.
கேமராவின் வேகம் நிற்பவர்களுக்காக வைத்தது,
ஆகவே அவள் கை வெறும் கலங்கல்.
தொடுவானம் சாய்ந்துவிட்டது.
லென்சில் விழுந்த ஒரு துளி
ததேயோவைப் பனிமூட்டமாக்கியிருந்தது.

மாலை கடையில் திரையைப் பார்த்தார்கள்.
நான் ஒரு மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.
வெகுநேரம் கழித்து எலியானா,
"என் முழங்கை மட்டும்தான் இருக்கிறது" என்றாள்.
இன்னும் கொஞ்சம் பார்த்தாள்.
"இவருக்குக் கண்ணே இல்லை."

மாடிப்படிக்கு ஒழுங்கான பதினொன்றாம் படம்தான்;
மாமியார் வருவார், பேச்சு வேண்டாம் என்றாள்.
நோல்பெர்த்தோ ஒன்றும் சொல்லாமல்
கோணல் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து
அளவு காட்டினான்.
படுக்கைக்கு மேலே பலகையில் அவ்வளவுதான் இடமாம்.
"உப்பு ஏறும். பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுங்கள்.
வியாழக்கிழமை கிளம்புகிறோம்."
ரஃபேலா அவன் தோளில் தூங்கிப்போயிருந்தாள்,
எச்சில் வழிந்து, கஞ்சிக் கழுத்துப்பட்டை நனைந்து.

அவர்கள் போன பிறகுதான் கண்டேன்:
மேசை ஓரத்தில், பில் புத்தகத்துக்குப் பக்கத்தில்
ததேயோ விட்டுப்போன குட்டி நண்டு,
இரண்டு கொடுக்கையும் தூக்கிப் பிடித்தபடி.
யாரும் சொல்லாமலே
அன்று அசையாமல் நின்றது அது ஒன்றுதான்.