இன எழுத்து

மூக்கின் கீழ் சின்னக் கண்ணாடியைப் பிடித்தபடி
"பப்பா சொல்லுங்க" என்கிறாள் சுஹைலா.
சொல்கிறேன்.
கண்ணாடி வேர்க்கிறது.
உதட்டில் வெடிக்க வேண்டிய காற்று
மேலண்ணம் மூடாத இடுக்கு வழியே ஏறி
"மம்மா" என்று வெளியேறுகிறது.

கசடதபற வல்லினம்
ஙஞணநமன மெல்லினம்.
பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.
ஒருவர் நாற்காலியில் மற்றவர் வந்து உட்கார
இத்தனை நாள் ஆகாது என்று
எந்த இலக்கணமும் சொல்லவில்லை.
பத்து ரிங்கிட் இப்போது மந்நு ரிங்ஙிண்.
தாகம், நாஙம்.
என் வீட்டுக்காரர் குணாளன்
ஙுணாளன்.
கூப்பிட்டால் திரும்பத்தான் செய்கிறார்.

இருபத்தாறு வருடம்
லெபோ லைட் நீதிமன்றத்தில்
கூண்டுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றவள்.
தமிழில் அழுததை
மலாயில் அழாமல் சொன்னவள்.
"தெரியாதுங்க" என்று ஒருவன் நடுங்கினால்
அந்த "ங்க"வுக்கும் ஒரு சொல் தேடியவள்.
கூட்டமாட்டேன் குறைக்கமாட்டேன் என்று
சத்தியம் செய்த வாய்.

அந்த வாய்க்கு
இப்போது தண்ணீரும் கெட்டியாக வேண்டும்.
குவளைக்கு இரண்டு கரண்டித் தூள்,
கலக்கி, காத்திருந்து,
கஞ்சியா பசையா என்று தெரியாத தே ஓ.
தாடையை நெஞ்சில் பதி. விழுங்கு.
மறுபடி விழுங்கு.
பிறகுதான் மூச்சு.
ஒரு குவளைக்கு நாற்பது நிமிடம்.

முந்தாநாள் இரவு
குழாயைத் திறந்து
உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன்,
வெறும் தண்ணீர்
ஒரே ஒரு மிடறு.
அடடா, என்ன மெலிவு, என்ன வேகம்!
பிறகு அரை மணி நேரம் இருமல்.
முதுகைத் தட்டிக்கொண்டிருந்த குணாளன்
நனைந்த என் கையைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

இன்று டாக்டர் ஓங் கேட்கிறார்:
வயிற்றில் துளையிட்டு
உணவுக்குக் குழாய் வைக்கலாமா?
மலாயில் மறுத்தால் "தக் மாவ்."
என் வாயில் "தக்" கரைந்து
"மாவ்" மட்டும் மிஞ்சும்.
வேண்டாம் என்பது வேண்டும் ஆகிவிடும்.
அதனால் தமிழில் சொல்கிறேன்:
"வேணாம்."
வல்லினமே இல்லாத சொல்.
என் நோய் கை வைக்க முடியாத சொல்.
சுத்தமாக வந்தது.

டாக்டர் குணாளனைப் பார்க்கிறார்.
குணாளன் எச்சில் விழுங்குகிறார்
(எவ்வளவு சுலபமாக!)
மலாயில் சொல்கிறார்:
"பயமா இருக்காம்.
யோசிக்கக் கொஞ்சம் நாள் வேணுமாம்."

ஒரு சொல் கேட்டு
ஏழு சொல் சொன்ன மொழிபெயர்ப்பாளன்.
என் முன்னால், என் வாக்குமூலத்தை.
மடியில் எழுதுபலகை இருக்கிறது.
பேனா மூடியைக் கழற்றுகிறேன்.
அவர் கை என் முதுகில்
இருமல் இல்லாதபோதும்
தட்டிக்கொண்டிருக்கிறது,
தட்டுவது அவருக்கே தெரியாமல்.

மூடியைத் திரும்பப் போடுகிறேன்.

சரி, என்று குறித்துக்கொள்கிறார் டாக்டர்.
இரண்டு வாரம்
வாய்தா.