விசில்

சொகார், ஸ்கேன் அறை.
மாசானத்தின் கன்னத்தில் ஜெல் தடவுகிறேன்.
குளிருதும்மா என்கிறார்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.

வாயைத் திறங்க.
ஒன்றரை விரல் நுழைகிறது.
காற்றை அடக்கிக் கன்னத்தை உப்புங்க.
உப்பவில்லை.

சாரத்தின் உச்சியிலிருந்து
கீழே நிற்பவனுக்கு விசிலடிக்க வரவில்லையாம்.
அதற்காகத்தான் வந்தாராம்,
எரிச்சலுக்கு அல்ல,
குழம்பைக் கழுவித் தின்பதற்கும் அல்ல.

பாக்கு உண்டா?
சேச்சே என்கிறார்,
சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு.

கருவியை வைக்கிறேன், அழுத்தாமல்.
கன்னத்துக்குள் ஓர் அதிர்வு கிளம்புகிறது.
இளகிய சதையில் அது மெல்ல நடக்கும்,
இறுகியதில் ஓடும்.
ஓடியது.
நீலமாக இருக்கவேண்டிய திரை
மென்று துப்பிய சுவர்போலச் சிவந்தது.

அவரும் பார்த்துவிட்டார்.
நெடுநேரம் கழித்து,
"ராத்திரி ஷிப்டுல தூக்கம் வராம இருக்கத்தான்..."
பிறகு, குரலை இறக்கி,
"இந்தச் சிவப்பு கம்பெனி பேப்பர்ல வருமா?"

எங்கள் பிரிண்டர் கறுப்பு வெள்ளை என்றேன்.
கிலோபாஸ்கல் கணக்கு
கறுப்பிலேயே அச்சாகும் என்பதை
டாக்டர் சொல்லட்டும்.

டிஷ்யூவால் துடைத்தபடி
உதட்டைக் குவித்துப் பார்த்தார்.
காற்று வந்தது.
அடுத்த டோக்கனை அழைக்க
என் கை போகவில்லை.