கடைசியாக எப்போது கேட்டீர்கள்

பதினெட்டு வருஷம்
கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே ட்ரம்பெட்.
தோட்டப்பாளையத்தில் நின்று ஊதினால்
கோட்டைச் சுவர் திருப்பி ஊதும்.
படம் எடுக்கப் போகிறேன் என்றதும்
பேண்டு செட்டே சிரித்தது.
சைடு டிரம் வேதநாயகம் மட்டும்
"பாட்டு எத்தன?" என்றான்.
பாட்டு இல்லை.
"ஃபைட்டு?"
இல்லை.
"அப்ப இன்னாதான் கீது?"
ஒரு புகார் கீது, என்றேன்.

துடுப்போடு ஒரு பெண்
காவல் நிலையம் வருகிறாள்.
காவல் நிலையம் என்றால்
பாலாற்று நடுமணலில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி.
சுவர் கிடையாது. கதவு உண்டு.
தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.
ஆற்றின் சத்தத்தைக் காணவில்லை, என்கிறாள்.
இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறக்கிறார்.
நிறம்?
உயரம்?
கடைசியாக எப்போது பார்த்தீர்கள்,
அடித்துவிட்டு மேலே எழுதுகிறார்,
கேட்டீர்கள்?

இந்த ஊரில் துப்பறியும் கதை எழுதுவது சிரமம்.
மன்னன் இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று
காணாமல் போனவற்றின் பட்டியலை
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரே ஒப்பிப்பார்.
சாமி மட்டும் கோயிலுக்குத் திரும்பி வந்தார்.
மற்றதற்கு யாரும்
மனு கொடுத்ததாகத் தெரியவில்லை.

சுகிர்தாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
ஆறுக்கு முடித்து ஆறரைக்கு மணலில் நிற்பாள்.
துடுப்பு என்பது பேக்கரியில் கெஞ்சி வாங்கிய
ரொட்டி தள்ளும் நீளக் கட்டை.
அதில் மைதா வாசனை போகவே இல்லை.
நடிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை,
பன்னிரண்டு மணி நேரம்
அடுத்தவர் மூச்சை எண்ணிய கண்.
இன்ஸ்பெக்டர் எங்கள் யூஃபோனியம் ஏகாம்பரம்.
தோளில் ஜரிகை வைத்த பேண்டு யூனிஃபார்மே போதும் என்றார்.
கேமரா, நிக்கா வீடியோ சபியுல்லா பாய்.
யாரை எடுத்தாலும் முகத்தை
இதயப் படத்துக்குள் வைத்துப் பழகிய கை.
இன்ஸ்பெக்டரையும் ஒரு தடவை வைத்தார்.
அழித்தோம்.

எனக்குப் பார்க்கத் தெரியாது.
மைக்கை மணலில் புதைத்து
ஹெட்போனில் குந்திக் கிடந்தேன்.
காட்பாடிப் பக்கம் போகும் ரயில்.
அது போனபின் எறும்பு.
எறும்புக்கும் கீழே
யாரோ வாய் திறந்து பேசாமல் இருப்பது.

மூன்றாம் நாள், முழுதாய் விடியவில்லை.
விளக்கை அணைத்தபடி லாரி ஒன்று இறங்கியது.
நாலு பேர், நாலு மண்வெட்டி.
கேமராவைக் கண்டதும் ஒருவன் நேராக வந்தான்.
"யாருக்கு எடுத்துகினு கீறீங்க?"
ஏகாம்பரம் எழுந்து நின்றார்.
அவன் ஓர் அடி பின்னால் போனான்.
காலைப் பார்த்தான்.
ஹவாய் செருப்பு.
அதே ஓர் அடி முன்னால் வந்தான்.

கதையைச் சொன்னேன்,
துடுப்பு, கதவு, சத்தம், எல்லாம்.
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
மேஜை மேல் திறந்திருந்த நோட்டைப் பார்த்தான்.
யாரும் கேட்காமலே குனிந்து
இன்ஸ்பெக்டரிடம் மெல்லச் சொன்னான்:
"சத்தத்த நாங்க எடுக்கல சார்.
மண்ணு மட்டுந்தான்."

சுற்றிலும் வெட்டவெளி.
கதவு வழியாகத்தான் போனான்.
சாத்திவிட்டும் போனான்.

மைக் ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றுச் சத்தம் செய்ய எங்களுக்குத் தெரியும்.
டிரம் தோலில் பச்சரிசியைச் சாய்த்து உருட்டினால் வரும்.
வேதநாயகம் ஒரு மாலை முழுக்க உருட்டினான்,
கணுக்கால், முழங்கால், ஆளை இழுக்கும் வெள்ளம்.
அவ்வளவு நன்றாக வந்தது.
அதனால்தான் சேர்க்கவில்லை.
கடைசி ஷாட்டில் மணலில் அவள் துடுப்புப் போடுகிறாள்.
பதினோரு நொடி
ஒன்றுமே இல்லை.

படம் போட்டது சத்துவாச்சாரி மண்டபத்தில்,
வரவேற்புக்கும் பந்திக்கும் நடுவே.
அந்த இடம் வந்ததும்
முன்வரிசை தலை திருப்பியது.
சவுண்டு சர்வீஸ் பையன் ஓடினான்,
ஒயரை ஆட்டினான்,
பிளக்கைப் பிடுங்கிச் செருகினான்,
ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

வைத்தபடியே நின்றான்.