பை

அஞ்சலாட்சி துணிப்பையை என் மேஜைமேல் கவிழ்த்தாள்.
படகுப் பதிவுப் புத்தகம், ரேஷன் கார்டு நகல்,
செதில் ஒட்டிய டீசல் ரசீது,
கடைசியாக இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில்:
சேதம் நடந்த இடம் தெரிகிறது,
காரணம் குறிப்பிடப்படவில்லை.

போன மாதம் அடித்துக் கொடுத்தவன் நான்தான்.
மஞ்சக்குப்பத்தில் பக்கத்துக்கு இருபது ரூபாய்.
தேவனாம்பட்டினத்துப் படகு கடலால் உடைந்தது என்றாள்.
‘புரோக்கன் பை த சீ’ என்று அடித்தேன்.
கம்பெனிக்காரன் அதைக்
கடலுக்குப் பக்கத்தில் என்று படித்திருக்கிறான்.

பை.
அவனுக்கு இரண்டெழுத்து, நமக்கு ஒன்று.
தெரிந்த சொல் என்றுதான் இருந்தேன்.
எதிர்க்கடையில் தினமும் ஒன் பை டூ டீ.
தபாலில் போகாத கடிதத்தின் மூலையில் பை ஹேண்ட்.
இவள் படகே இருபத்தெட்டு பை ஆறு.
‘பை ஃப்ரைடே’ என்றால்
வெள்ளிக்கிழமை கணக்கில் உண்டா இல்லையா,
அந்தச் சண்டையில் ஒரு வக்கீல் குமாஸ்தா
என் கடைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

“இன்னாண்ணா எழுதின?”
சொன்னேன்.
“கடலாண்டன்னாலும் அதான்,
கடலாலன்னாலும் அதானா?”
“அதான்.”
“அப்ப அவன் எப்பிடி ஒண்ண மட்டும் படிச்சான்?”

பதில் இல்லை. திரையைத் திருப்பிக்கொண்டு
மறுபடி அடித்தேன், இந்தமுறை பை இல்லாமல்.
கடலை வாக்கியத்தின் தலையில் நிறுத்தினேன்.
கடல் உடைத்தது. எதை? படகை.
தேதி, மணி, காற்று வந்த திசை.
ஒதுங்கிக்கொள்ள ஓர் ஓரமும் வைக்கவில்லை.

கடைசிப் பத்தியில் அவளைப் பற்றி இரண்டு வரி.
கை பழக்கத்தில் ஓடிவிட்டது:
‘ஷீ லிவ்ஸ் பை த சீ.’
அழிக்கப் போனேன்.
“அது இன்னா?”
“கடலாண்ட குடியிருக்கன்னும் ஆவும்,
கடலால பொழைக்கிறன்னும் ஆவும். மாத்திடறேன்.”

“உடு,” என்றாள். “அது ரெண்டுந்தான்.”

காசு வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல்
இருபது ரூபாயை மவுஸுக்கு அடியில் செருகினாள்.
காகிதங்களைத் திரும்பப் போடுமுன்
பையை ஒருமுறை உதறினாள்.
கீபோர்டு முழுக்க மணல்.